இடுக்கி அணை நீர்மட்டத் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் கேரளத்தில் பெரியாற்றின் கரையில் இருப்பவர்கள் தினமும் ஒரு எண்ணைக் கவனிப்பார்கள்: இடுக்கி அணை இன்றைக்கு எத்தனை அடி? அந்த எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கேரள மின்வாரியம். அதன் விளைவை ஏற்பது கரையில் இருக்கும் குடும்பங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே எழுந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. முல்லைப்பெரியாறு வழியாகத் தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருப்பதால், நம் வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

தகராறு எதைப் பற்றியது?

அணைக்குள் எவ்வளவு இடத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. திடீரென்று பெருமழை வந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும், ஆகவே மழைக்காலம் முடியும் வரை அணையை நிரப்பாதீர்கள் என்கிறார்கள் கீழே இருப்பவர்கள். மழை எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது, கிடைக்கும்போதே பிடித்துவைக்காவிட்டால் கோடையில் மின்சாரத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறது மின்வாரியம். இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் முடிவெடுக்கும் அறையில் ஒரு தரப்புதான் உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை பிரச்சினையின் வேர் அதுதான்.

இடுக்கி என்பது ஒரே அணையா? தண்ணீர் எங்கே போகிறது?

மூன்று அணைகள் சேர்ந்து கட்டிவைத்த ஒரே நீர்த்தேக்கம். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே வில்போல வளைந்து நிற்பது இடுக்கி அணை. உயரம் சுமார் 169 மீட்டர். படங்களில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். ஆனால் இதற்கு ஷட்டரே கிடையாது. பக்கத்தில் உள்ள செறுதோணி அணையில்தான் ஐந்து ஷட்டர்கள் இருக்கின்றன. மூன்றாவது குளமாவு அணை. முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 2,403 அடி. அதனால்தான் செய்திகளில் "2,390 அடியைத் தாண்டியது" என்றெல்லாம் வருகிறது. அது அணையின் உயரம் அல்ல.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மின்சாரம் எடுக்கும் தண்ணீர் பெரியாற்றுக்குத் திரும்பி வருவதில்லை. அது மலைக்குள் சுரங்கம் வழியாக இறங்கி, மூலமற்றத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கும் 780 மெகாவாட் மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தொடுபுழா ஆறு வழியாக மூவாற்றுப்புழா ஆற்றில் சேர்கிறது. ஆகவே அணைக்குக் கீழே பெரியாறு ஆண்டு முழுக்க மெலிந்து கிடக்கும். செறுதோணி ஷட்டர் தூக்கினால் மட்டும் பழைய பெரியாறு திரும்பி வரும். அணை 1976இல் செயல்பாட்டுக்கு வந்தது. 2018க்கு முன்னால் அந்த ஷட்டர்கள் 1981, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான் திறக்கப்பட்டன. இருபத்தாறு வருடம் வெள்ளமே பார்க்காத ஆற்றங்கரையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

மின்வாரியம் ஏன் அணையை நிரப்பியே வைத்திருக்கப் பார்க்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நீர்த்தேக்கத்திலிருந்து மூலமற்றத்துக்குத் தண்ணீர் 650 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால் ஒரு கனமீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் தருகிறது. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு சுமார் 146 கோடி கனமீட்டர், நம் கணக்கில் 51 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். அணை நிரம்பியிருந்தால் கையில் சுமார் 219 கோடி யூனிட் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ஒரு ஷட்டரைத் தூக்கி வினாடிக்கு 50 கனமீட்டர், அதாவது சுமார் 1,765 கன அடி, வெளியே விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் மூலமற்றம் இழப்பது 2.7 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு நான்கு ரூபாய் என்று வைத்தால்கூட மணிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். தேவையில் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்து வாங்கும் கேரளத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. பொறியாளர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான், அவர்களை வில்லன்களாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலை மின்வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் வராது. பெரியாற்றங்கரை ஊரான ஆலுவாவில் நனைந்துபோன மெத்தையும் செத்துப்போன மாடும் வேறு யாருடைய கணக்கிலோ போகின்றன.

ஷட்டரைத் தூக்காமல், டர்பைன்களை முழுவேகத்தில் ஓட்டி மட்டத்தைக் குறைக்கலாமே?

குறைக்கலாம், ஆனால் மெதுவாகத்தான் இறங்கும். 780 மெகாவாட்டையும் நாள் முழுக்க ஓட்டினால் சுமார் 1.25 கோடி கனமீட்டர் வெளியேறும். நீர்த்தேக்கம் நிரம்பும் நிலையில் அதன் பரப்பு கிட்டத்தட்ட 60 சதுர கிலோமீட்டர். ஆகவே ஒரு சொட்டு நீர்வரத்து இல்லாவிட்டாலும் ஒரு நாளில் முக்கால் அடிகூட இறங்காது. பத்து அடி இறக்க இரண்டு வாரம் வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால் இறங்கவே இறங்காது.

அதனால்தான் இந்தச் சண்டை 2018இல் பெருமழை தொடங்கிய ஆகஸ்ட் 15ஆம் தேதியைப் பற்றியது அல்ல, ஜூலை மாதத்தைப் பற்றியது என்கிறேன். வெள்ளம் வரும் நாளில் அணைக்காரர்கள் கையில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

2018இல் என்ன நடந்தது?

அந்த வருடம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் பெய்தது 2,346 மில்லிமீட்டர், இயல்பைவிட 42 சதவீதம் அதிகம். ஜூலை 30 அன்று இடுக்கி 2,395 அடியைத் தொட்டது, ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தார்கள். 2,397 அடி வந்ததும் ஒரு ஷட்டரைச் சோதனையாகத் திறக்கலாமா, 2,398 வரை காத்திருக்கலாமா என்று பேச்சு நடந்தது. அதற்குள் மழை கொஞ்சம் ஓய்ந்தது. திறக்க வேண்டாம் என்ற மனநிலை வந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தைத்தான் கரையோர மக்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 9 மதியம், மட்டம் 2,399 அடியை ஒட்டி நின்றபோது, முதல் ஷட்டர் தூக்கப்பட்டது. மறுநாளே ஐந்தையும் தூக்க வேண்டியதாயிற்று. செறுதோணியில் பாலமும் பேருந்து நிலையமும் தண்ணீருக்குள் போயின. அப்புறம் 15 முதல் 17 வரை மூன்று நாள் மழை. மாநிலம் முழுக்கச் சராசரியாக 414 மில்லிமீட்டர் கொட்டியது. இடுக்கிக்கு உச்ச நீர்வரத்து வினாடிக்கு 2,532 கனமீட்டர், வெளியேற்றியது 1,500 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 53,000 கன அடி. பெரியாற்றின் துணையாற்றில் உள்ள இடமலையாறு அணையின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. காலடி, ஆலுவா, பறவூர் எல்லாம் மூழ்கின. கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 29 வரை மூடிக்கிடந்தது. மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 14 லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள்.

அப்படியானால் வெள்ளத்துக்குக் காரணம் அணைதானா?

"ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்பவரையும் நம்பாதீர்கள், "இல்லவே இல்லை" என்பவரையும் நம்பாதீர்கள்.

மத்திய நீர் ஆணையம் 2018 செப்டம்பரில் தந்த அறிக்கை மின்வாரியத்துக்குச் சாதகமாக இருந்தது. அந்த மூன்று நாளில் ஓடிவந்த தண்ணீர் 12 பில்லியன் கனமீட்டர், கேரள அணைகளின் பயன்படுத்தக்கூடிய மொத்தக் கொள்ளளவோ 5.8 பில்லியன்தான், ஆகவே அணைகள் வெள்ளத்தைக் கூட்டவும் இல்லை, பெரிதாகக் குறைத்திருக்கவும் முடியாது என்றது. பெரியாற்றுப் படுகையைப் பற்றிச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளிவந்த ஆய்வும், பெரும்பகுதித் தண்ணீர் அணைகளின் கட்டுப்பாட்டுக்குள் வராத நிலப்பரப்பிலிருந்தே வந்தது என்று கண்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: அணைகளை முன்கூட்டியே காலி செய்திருந்தால், காலடிக்குப் பக்கத்திலுள்ள நீலீஸ்வரத்தில் வெள்ளத்தின் உச்சம் 16 முதல் 21 சதவீதம் குறைந்திருக்கும்.

இந்த எண்ணைச் சிலர் "வெறும் 16 சதவீதம்" என்று கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவது, வெள்ளத்தின் எல்லையில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் உள்ளே வந்ததா, வாசலோடு நின்றதா என்பதைத் தீர்மானிக்கும்.

கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நீதிமன்ற நண்பர் (வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞர்) ஜேக்கப் பி. அலெக்ஸ் 2019இல் கொடுத்த அறிக்கை நேர்மாறான தொனியில் இருந்தது. மாநிலத்தின் 79 அணைகளில் ஒன்றுகூட வெள்ளத்தைத் தணிக்கும் விதத்தில் இயக்கப்படவில்லை, அவசரகாலச் செயல்திட்டம் நடைமுறையில் இல்லை, நீதி விசாரணை தேவை என்றது அது. மாநில அரசு இதை ஏற்கவில்லை. பிறகு 2021 நவம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, இடுக்கிக்கு 1983இல் வகுத்த ரூல் கர்வ் (தேதிவாரியான நீர்மட்ட வரம்பு) அதன் பிறகு திருத்தப்படவே இல்லை என்று குறிப்பிட்டது.

மழைதான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அணையில் இடம் இல்லாமல் இருந்தது மழையின் முடிவு அல்ல, மனிதர்களின் முடிவு. இரண்டையும் பிரித்துப் பேசினால்தான் இந்த விவாதம் முன்னேறும்.

ரூல் கர்வ் என்கிறார்களே, அது என்ன?

ஆண்டின் எந்தத் தேதியில் அணையின் மட்டம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று முன்கூட்டியே வகுத்துவைத்த அட்டவணை. ஜூலையில் தாழ்வாக இருக்கும், மழை ஓயும் மாதங்களில் படிப்படியாக உயரும், பருவமழை முடியும்போது முழு மட்டத்தைத் தொட விடும். குறிப்பிட்ட தேதியில் மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டினால் திறந்தே ஆக வேண்டும். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று யாரும் சொல்ல முடியாது.

கரையோர மக்களுக்கு இதுதான் மின்வாரியத்தோடு போட்ட ஒப்பந்தம் மாதிரி. எந்தத் தேதியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று எழுத்தில் இருந்தால், மீறப்பட்டதா இல்லையா என்பதை ஒரு பள்ளி மாணவர்கூடச் சரிபார்க்கலாம்.

2018க்குப் பிறகு நடைமுறை மாறியதா?

மாறியது. பெரிய நீர்த்தேக்கங்களின் ரூல் கர்வை மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய நீர் ஆணையமே சொல்லியிருந்தது. புதிய அட்டவணை வந்த பிறகு, 2021 அக்டோபர் 19 அன்று இடுக்கியின் ஷட்டர்கள் பகல் வேளையில், முன்னறிவிப்போடு, சிறிய அளவில் திறக்கப்பட்டன. 2022 ஆகஸ்டிலும் ரூல் கர்வைக் காரணம் காட்டியே திறந்தார்கள். 1992க்கும் 2018க்கும் இடையே ஒருமுறைகூடத் திறக்காத ஷட்டர்கள் இப்படி அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் திறக்கப்பட்டன. இதைச் சிலர் "தண்ணீரை வீணாக்குகிறார்கள்" என்று குறைசொல்கிறார்கள். கொஞ்சமாக, அடிக்கடி, பகலில் திறப்பது கீழே இருப்பவர்களுக்கு நல்லது. ஆறு எங்கே வரை வரும் என்பது அவர்களுக்கு மறக்காமல் இருக்கும்.

அணை மட்டங்களை மின்வாரியமும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தினமும் வெளியிடுகின்றன. இதையும் முன்னேற்றமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முல்லைப்பெரியாறு திறந்ததால்தான் இடுக்கி நிரம்பியது என்கிறார்களே?

முல்லைப்பெரியாற்றிலிருந்து மிகுந்து வரும் தண்ணீர் இடுக்கிக்குத்தான் போகிறது, அது உண்மை. 2018 ஆகஸ்ட் 15 அதிகாலை அங்கே ஷட்டர்கள் திறக்கப்பட்டன. அந்தத் திடீர் திறப்பும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. இடுக்கி அதற்கு ஆறு நாள் முன்பே திறந்தாகிவிட்டது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆகஸ்ட் 24 அன்று, மாத இறுதி வரை மட்டத்தை 139.99 அடியில் வைக்குமாறு நீதிமன்றம் சொன்னது. 2014 தீர்ப்பின்படி அனுமதிக்கப்பட்ட உயரம் 142 அடி.

ஆனால் தமிழ் வாசகர்கள் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முல்லைப்பெரியாற்றை இயக்குவது தமிழ்நாட்டு அரசு. 2021 டிசம்பர் முதல் வாரத்தில் இரவு நேரத்தில் ஷட்டர்கள் திறக்கப்பட்டு, வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. முன்னறிவிப்பு போதவில்லை என்று கேரளம் மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. ஆலுவாக்காரர் மின்வாரியத்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை வல்லக்கடவுக்காரர் நம்மைப் பார்த்துக் கேட்கிறார். "இரவில் ஏன், சொல்லாமல் ஏன்?" என்ற கேள்விக்கு மாநில எல்லை கிடையாது.

தேனி விவசாயிகளின் கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். ரூல் கர்வ் என்றாலே அவர்களுக்கு 142 அடி வரை தேக்க விடாத தடை. ஐந்து மாவட்டத்துக்குப் போகும் பாசன நீர் அது. கரையோரத்தில் ஒருவருக்குப் பாதுகாப்பாகத் தெரியும் காலி இடம், இன்னொருவருக்குக் கருகும் நெல். இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை.

ஒப்பந்தங்களே அணையை நிரப்பச் சொல்லும் இடமும் உண்டா?

உண்டு, சாலக்குடி ஆற்றில். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய தேதிகளில் முழு மட்டத்தில் இருக்குமாறு தமிழ்நாடு பார்த்துக்கொள்ள வேண்டும். மின்உற்பத்திக்காகச் சேர்த்த பிரிவு அது. ஆனால் செப்டம்பர் 1 என்பது தென்மேற்குப் பருவமழை இன்னும் முடியாத தேதி. அணை நிரம்பி நிற்கும்போது ஒரு பெருமழை வந்தால் முழுத் தண்ணீரும் கீழே பெரிங்கல்குத்து அணைக்கும் சாலக்குடிக்கும்தான் போக வேண்டும். அந்த ஆற்றுப் பாதுகாப்புக்காக இயங்கும் உள்ளூர்க் குழுவினர் அணைகளின் இயக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள். 2018இல் பெரிங்கல்குத்து அணையின் மேலேயே தண்ணீர் வழிந்தோடியது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் எழுதிய ஒரு தேதியை இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆற்றுக்குள் வீடு கட்டியவர்கள் தவறும் இருக்கிறதுதானே?

இருக்கிறது. செறுதோணியில் ஆற்றின் பாதையிலேயே கட்டடங்கள் எழுந்தன. ஆனால் அந்த ஆற்றில் தண்ணீரே வராமல் செய்தது அணை. கட்ட அனுமதித்தது உள்ளாட்சி. வெள்ளம் வரும் எல்லையை வரைபடமாகப் போட்டு மக்களிடம் காட்டாதது அரசு. எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

தண்ணீர் குறைவாக இருக்கும்போதும் சண்டை வருமா?

வரும், ஆனால் வேறு ஆற்றில். மூலமற்றம் ஓடினால்தான் தொடுபுழா, மூவாற்றுப்புழா பக்கம் ஆற்றில் போதிய தண்ணீர் இருக்கும். குடிநீரும் பாசனமும் அதை நம்பியிருக்கின்றன. பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தினால் அங்கே மட்டம் விழுந்துவிடும். பெரியாற்றுக்காரருக்கு வேண்டாத தண்ணீர் இவர்களுக்கு வேண்டும்.

தமிழ்நாட்டு மின்வாரிய அணைகளிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

மேட்டுப்பாளையத்துக்காரர்களைக் கேட்டால் பில்லூர் அணையைச் சொல்வார்கள். மொத்த உயரம் 100 அடி, 97 அடி வந்ததும் உபரிநீரைத் திறப்பது வழக்கம். சிறிய அணை, நீலகிரியில் கனமழை என்றால் ஒரே இரவில் நிரம்பிவிடும். பவானிக் கரையில் துணி துவைப்பவர், குளிப்பவர், மீன் பிடிப்பவர் எல்லோருக்கும் எச்சரிக்கை போய்ச் சேரும் நேரம்தான் உயிர்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு மின்வாரிய அணை இருக்கிறது. நாங்கள் என்ன கேட்கலாம்?

முதலில் ரூல் கர்வைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். அட்டவணையோடு, கடந்த ஐந்து மழைக்காலங்களின் தினசரி மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றையும் கேளுங்கள். மணிவாரிப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. பிரச்சினை எப்போதுமே அந்த மணிக்கணக்கில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது அவசரகாலச் செயல்திட்டம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் வரம்புக்குள் வரும் பழைய அணைகளுக்கும் ஐந்து ஆண்டுக்குள் இந்தத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. நீர்மட்டம், எதிர்பார்க்கும் வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை மக்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் அணையின் உரிமையாளருக்கு உண்டு. உங்கள் தெரு எத்தனை கன அடி திறந்தால் மூழ்கும் என்பது அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

தண்ணீர் ஏறிய நாளில் சுவரில் நின்ற அளவைக் கோடு போட்டு, தேதியும் மணியும் எழுதி, படம் எடுத்து வையுங்கள். பின்னால் "எங்கள் திறப்பால் வரவில்லை" என்று யாராவது சொன்னால், வெளியேற்றப் பதிவின் நேரத்தோடு ஒப்பிட இதுதான் உதவும்.

கடைசியாக, இதையெல்லாம் ஏப்ரல், மே மாதத்திலேயே கேளுங்கள். அணை காலியாக இருக்கும்போது பேசினால் அதிகாரிகளும் நிதானமாகப் பதில் சொல்வார்கள், ஜூலையில் எந்த மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கவும் முடியும்.